துலாக்கோல் இன்றி மாடு நிறுத்தல்

அளவைகளை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நான்காகப் பகுத்தல் நம் இலக்கண நூலார் வழக்கு. தேங்காய் விற்போர் எண்ணுகின்றனர், பொற்கொல்லர் எடுக்கின்றனர், பால் விற்போர் முகக்கின்றனர், துணி விற்போர் நீட்டுகின்றனர். இங்ஙனம் ஒவ்வொரு பொருளும் தனக்குரிய அளவையில் அமைந்துவிட, மாடு ஒன்றே அமையாது நிற்கின்றது. அதனை எண்ணி விற்கலாமோ எனின், ஒரு மாடும் மற்றொரு மாடும் நிகரல்ல. எடுத்தலுக்கு உரியதே எனினும் எடுப்பது எவ்வாறு? ஆட்டுக்குட்டியைத் தோளிற் சுமந்து எடைப்பொறிமேல் ஏறி நின்று, பின் தனியே நின்று கழித்துக்கொள்ளலாம். மாட்டை அவ்வாறு தூக்குவார் எவரும் இலர். ஆதலின் எடுத்தற்குரிய பொருளை நீட்டலால் அறியும் வழியொன்றைக் குறித்து, யாம் கேட்டதும் கண்டதும் செய்து பார்த்ததுமாகிய சிலவற்றை இங்கு எழுதத் துணிந்தோம்.

யாம் வாழ்வது மறைமலைநகரை ஒட்டிய சிற்றூரொன்றில். செங்கல்பட்டுக்கும் தாம்பரத்துக்கும் இடையே பெருஞ்சாலையில் வருவோர் இந்நகரைத் தொழிற்சாலைகளின் நகராகவே அறிவர். இரும்புத் தகடும் உருளைப் பட்டையும் ஏற்றிய லாரிகள் நாள்தோறும் இங்குள்ள எடைமேடைகளில் ஏறி இறங்குகின்றன. ஆயிரக் கணக்கான கிலோ எடையை ஒரு நொடியிற் சொல்லும் பொறிகள் இருக்க, அவற்றுக்கு அரைக் கல் தொலைவில் கட்டுத்தறியில் நிற்கும் பசுவின் எடையை அதனை வளர்த்தவரே அறியார். இந்நகருக்குப் பெயர் தந்த மறைமலையடிகள் 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்தவர். 1916இல் வேதாசலம் என்னும் தம் பெயரையே தனித்தமிழாக்கிக் கொண்டவர். அவர் பெயர் பூண்ட ஊரில் இருந்துகொண்டு கிலோ என்றும் லாரி என்றும் எழுத நேர்வதில் எமக்குச் சிறிது கூச்சம் உண்டு. ஆயினும் இக்கட்டுரையில் வரும் முதியவளும் தரகரும் அவ்வாறே பேசினர். யாம் என் செய்வோம்!

மாட்டு வாணிகம் நெடுங்காலமாகக் கண்ணளவால் நடப்பது. தரகர் முதலில் வாயைத் திறந்து பல் பார்ப்பார்; இரண்டு பல், நான்கு பல், ஆறு பல், கடைசேர்ந்தது என வயதைச் சொல்வார். பின்னர்ச் சுழி பார்ப்பார். முதுகைத் தட்டுவார், விலாவிற் கையை ஓட்டுவார், இரண்டடி பின்வாங்கி நின்று ஒருமுறை நோக்குவார். அவ்வளவே. விலை பேசுவதோ துண்டுக்குள். இருவர் கைகளும் துண்டின்கீழ் மறைந்து விரல்கள் பேசிக்கொள்ள, மாட்டுக்கு உடையவர் பக்கத்தில் நின்று அத்துண்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அக்கண்ணளவு பொய்யானது என்று யாம் சொல்ல வரவில்லை. இங்கிலாந்தில் பிளிமத் என்னும் ஊரில் 1906இல் நடந்த கால்நடைக் கண்காட்சியில், ஓர் எருது அறுத்துத் துப்புரவு செய்யப்பட்டபின் எத்தனை இராத்தல் நிற்கும் என்று சீட்டு எழுதிப் போடும் பந்தயம் ஒன்று நடந்தது. இராத்தல் என்பது பவுண்டே. கால்டன் என்னும் அறிஞர் பின்னர் அச்சீட்டுகளை வாங்கி ஆராய்ந்தார். படிக்கத்தக்க 787 சீட்டுகளையும் ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நின்ற மதிப்பைப் பார்த்தபோது அது 1207 இராத்தலாயிருந்தது. மெய்யான எடை 1198 என்று அவர் 1907இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். நூற்றுக்கு ஒன்றினும் குறைந்த பிழை! கசாப்புக்காரரும் உழவரும் அங்கு வந்திருந்தனர். ஒன்றும் அறியாதாரும் வந்திருந்தனர். ஆனால் இதில் யாம் கருதற்குரியது ஒன்றுண்டு. அச்சீட்டு எழுதினோர் அனைவருக்கும் மெய்யை ஒட்டிச் சொல்வதே ஊதியம். மெய்யை ஒட்டியவர்க்கே பரிசு. எம்மூர்க் கட்டுத்தறியண்டை நிற்கும் தரகருக்கோ குறைத்துச் சொல்வதே ஊதியம். கண் ஒன்றே, வாய் வேறு.

இனி நீட்டலுக்கு வருவோம். மாட்டின் தலையையும் கழுத்தையும் கால்களையும் மனத்தால் நீக்கிவிட்டு எஞ்சியதை நோக்கின், அது படுக்கவைத்த பீப்பாய் போன்றது. பீப்பாயின் சுற்றளவும் நீளமும் தெரிந்தால் அதன் கொள்ளளவு தெரியும். சுற்றளவைச் சுற்றளவாற் பெருக்கி, ஏறத்தாழ 12½ஆல் வகுத்தால் வட்டத்தின் பரப்பு. அதனை நீளத்தாற் பெருக்கினாற் கன அளவு. உயிருடைய உடம்பு தண்ணீரோடு ஏறக்குறைய ஒத்த கனமுடையது. ஆதலின் அங்குலத்தில் அளந்து, சுற்றளவின் வர்க்கத்தை நீளத்தாற் பெருக்கி 348ஆல் வகுத்தால், அப்பீப்பாய் நிறையத் தண்ணீர் எத்தனை இராத்தல் என்பது வரும். நாம் நீக்கிய தலையும் கழுத்தும் காலும் மீண்டும் சேரவேண்டுமன்றோ? அதற்காக வகுக்கும் எண்ணைக் குறைத்து 300 என்று வைத்தனர். இதுவே கால்நடை நூல்களில் ஷேபர் முறை எனப்படுவது. செண்டிமீட்டரில் அளப்போர் 10840ஆல் வகுத்தால் நேரே கிலோவில் வரும். இம்முந்நூறு எங்கிருந்து வந்தது என்று விளங்காத வரையில் அதனை மந்திரம் போல உருவேற்றிக் கொண்டிருந்தோம். பீப்பாய்க் கணக்கைப் போட்டுப் பார்த்தபின் அது மறக்கவே இல்லை.

அளக்கும் இடங்கள் இரண்டு. சுற்றளவு எடுப்பது முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னே, திமிலுக்குப் பின்புறமாக, நெஞ்சைச் சுற்றி. வயிற்றில் எடுப்பின் அன்று தின்ற வைக்கோலையும் குடித்த கழுநீரையும் அளந்தவர் ஆவோம். நீளம் எடுப்பது தோள்மூட்டின் முன்முனையிலிருந்து, வாலடிக்குப் பக்கத்தே துருத்தி நிற்கும் எலும்பின் முனைவரை. மாடு சமநிலத்தில் நான்கு கால்களையும் ஊன்றித் தலை நிமிர்ந்து நிற்றல் வேண்டும். நாடா தோலோடு படியவேண்டும். இறுக்கவும் ஆகாது, தொங்கவும் ஆகாது. காலையில் தீனியும் தண்ணீரும் காட்டுமுன் அளத்தல் நன்று. மூன்று முறை அளந்து நடுவிலுள்ளதைக் கொள்ளுதல் இன்னும் நன்று. சுற்றளவில் நேரும் பிழை இருமுறை பெருக்கப்படுவதால், நீளத்தில் ஓர் அங்குலம் தவறுவதினும் சுற்றில் ஓர் அங்குலம் தவறுவது மிகுந்த கேடு செய்யும். மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்தில் கன்றை நக்கிக்கொண்டே பால் கறக்கக் கொடுக்கும் கற்பசுவைக் கண்டோர் பலர். அத்துணை அசையாது நிற்கும் பசு எமக்கு வாய்த்ததில்லை. ஆனால் அதற்கு நாடா சுற்ற இயலாது; மறுபாதி பாறைக்குள் அன்றோ இருக்கின்றது!

நம் நாட்டு மாடுகளுக்கென அகர்வால் என்பவர் திருத்திய மற்றொரு முறையும் பாடநூல்களில் உண்டு. சுற்றளவையும் நீளத்தையும் அங்குலத்திற் பெருக்கி, சுற்றளவு 65 அங்குலத்துக்குக் குறைந்தால் 9ஆலும், 65 முதல் 80 வரை 8½ஆலும், அதற்கு மேற்பட்டால் 8ஆலும் வகுக்க வேண்டும்; வருவது சேர்க்கணக்கு. இங்கே நம்மவர் இடறுவதற்கு இடமுண்டு. பழைய சென்னை நிறையில் 5 சேர் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. அம்மணங்கே 25 இராத்தல்தான். சூத்திரத்தின் சேரோ வடநாட்டில் வழங்கிய 80 தோலாச் சேர், ஏறத்தாழ 933 கிராம். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மெட்ரிக் அளவைகள் வந்தபின் இரண்டு சேர்களும் மறைந்தன. சூத்திரம் மட்டும் மறைந்த நாணயத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு நிற்கின்றது.

இம்முறையில் எமக்கு ஓர் ஐயமும் உண்டு. ஓர் உருவம் எல்லாப் பக்கமும் பாதியாகக் குறைந்தால் அதன் எடை எட்டில் ஒன்றாகும். சுற்றளவை ஒரே முறை பெருக்கும் கணக்கிலோ நான்கில் ஒன்றாகவே குறையும். ஆதலின் மாடு சிறுக்கச் சிறுக்க இக்கணக்கு மிகுத்துக் காட்டும். 27 அங்குலச் சுற்றும் 24 அங்குல நீளமும் உடைய இளங்கன்றுக்கு முன்னைய முறை 26 கிலோ என்கின்றது. பின்னைய முறை 67 கிலோ என்கின்றது. கன்றைக் கையால் அணைத்துத் தூக்கிய எவரும் எது மெய் என்பதைச் சொல்வர். வளர்ந்த மாட்டுக்கன்றி இதனைப் பயன்படுத்தலாகாது என்பது எம் துணிபு.

எம் வீட்டுக்கு மூன்றாம் வீட்டில் முதியவள் ஒருத்தி இருக்கின்றாள். ஊரார் அனைவருக்கும் ஆயா. கணவர் இறந்தபின் இரண்டு மாடுகளின் பாலைக்கொண்டே பேரப்பிள்ளையைப் படிக்கவைப்பவள். அவற்றுள் மூத்த பசு ஐந்து ஈன்றபின் சினை பிடிக்காமற் போயிற்று. பால்மாட்டை விற்குமிடத்து எடையை யாரும் கேளார். மடியையும் கறவையையுமே கேட்பர். பால் மறுத்த பின்னரே மாடு கிலோவாகின்றது. வந்த தரகர் கிலோவுக்கு 100 ரூபாய் என்று தாராளமாகவே பேசினார். பின்னர் இரண்டடி பின்வாங்கி நோக்கி, “இருநூத்தி இருபதுக்கு மேல ஒரு கிலோ இருந்தா என் காதை அறுத்துக்கிறேன் ஆயா” என்றார்.

தையற்காரரிடம் வாங்கிய நாடா ஒன்று எம்மிடம் இருந்தது. அதனைக்கொண்டு யாம் பசுவை அணுகியபோது ஆயா, “இன்னா தம்பி, மாட்டுக்குச் சட்டை தைக்கப் போறியா?” என்றாள். சூழ நின்றோர் நகைத்தனர், தரகரும் நகைத்தார். சுற்றளவு 62 அங்குலம், நீளம் 52. தரையிற் கரியால் எழுதிப் பெருக்கினோம். 300ஆல் வகுக்க 666 இராத்தல் வந்தது. அஃதாவது 302 கிலோ. அகர்வால் முறையில் 358 சேர். அஃதாவது 334 கிலோ. இரண்டுக்கும் இடையே 32 கிலோ வேறுபாடு இருப்பினும், இரண்டுமே 220க்கு எட்டாத தொலைவில் இருந்தன. தரகர் நாடாவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது துணிக்குரியது, தோலுக்குரியதன்று என்றார். சொல்லளவில் அது நன்றாகத்தான் இருந்தது.

பேரன் ஒரு வழி சொன்னான். ‘சின்ன யானை’ என்று நம் பக்கத்தார் அழைக்கும் சிறு சரக்கு வண்டி ஒன்றில் பசுவை ஏற்றித் தொழிற்பேட்டை எடைமேடைக்குக் கொண்டு சென்றோம். அம்மேடையில் இருந்தவர் பழைய இரும்பு நிறுத்தவர். மூச்சுவிடும் சரக்கை அன்றுதான் கண்டார். ஓட்டுநர் இறங்கிக்கொள்ள, வண்டியும் பசுவுமாக 1220. பசுவை இறக்கி மீண்டும் ஏற்ற வண்டி மட்டும் 900. ஆகப் பசு 320 கிலோ. மேடை பத்துப் பத்தாகவே காட்டுவது. இருமுறை நிறுத்தமையால் பத்துக் கிலோ அங்குமிங்கும் இருக்கலாம். ஆயினும் நாடாவின் இரண்டு விடைகளுக்கும் நடுவே அது வந்து நின்றதைக் கண்டபோது, துலாக்கோலை நாடா பழிக்கவில்லை, நாடாவைத் துலாக்கோலும் பழிக்கவில்லை என்று மகிழ்ந்தோம். ஒரு மாட்டைக்கொண்டு ஒரு முறையை நிலைநாட்டலாகாது என்பது அறிவோம். மகிழ்ச்சிக்கு ஒரு மாடு போதும்.

தரகர் சினந்தாரல்லர். வண்டியிற் சாய்ந்து பீடி ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு, “முந்நூத்தி இருபதுன்னுதான் நானும் மனசுல வச்சிருந்தேன்” என்றார். அவர் சொன்னது மெய்யென்றே யாம் நம்புகின்றோம். நாடாவும் நாலுகணக்கும் கரித்துண்டும் கொண்டு யாம் கண்டதை அவர் ஒரே பார்வையிற் கண்டிருந்தார். முப்பது ஆண்டுத் தொழில் அது. அதில் நூறு கிலோவை, அஃதாவது 10000 ரூபாயை, ஆயாவிடமிருந்து மறைத்து வைத்திருந்தார் என்பதே செய்தி. பின்னரும் பசு வயிறு நிறையத் தண்ணீர் குடித்திருக்கின்றது என்று வாதாடி 10 கிலோ கழித்துக்கொண்டார். அது ஒருவகையில் ஒப்புக்கொள்ளத் தக்கதே. தாகத்தோடிருந்த மாடு ஒரே வேளையில் முப்பது நாற்பது லிட்டர் குடிப்பதுண்டு. விற்குமுன் உப்புக் காட்டித் தண்ணீர் குடிக்க விடுவோரும் உண்டு. ஆயா காட்டவில்லை. 310 கிலோவுக்கு விலை வாங்கிக்கொண்டு, பசு போன திசையைப் பாராமல் வீட்டுக்கு நடந்தாள்.

விலையில் நேரும் குறைவை ஒருவர் இழக்க மற்றொருவர் பெறுகின்றார். மருந்தில் நேரும் குறைவை எவரும் பெறுவதில்லை. ஆயாவிடம் எஞ்சியது ஒரு கிடாரி. குடற்புழுவுக்கு மருந்து கொடுக்க வந்தவர் ஒருவர் அதனை வாயிலில் நின்றபடியே நோக்கி, 120 கிலோ இருக்கும் என்று சொல்லி மருந்தை எடுத்தார். நாடாவின்படி சுற்றளவு 50, நீளம் 44. எடை 166 கிலோ. அல்பெண்டசோல் என்னும் அம்மருந்து மாட்டுக்குக் கிலோ ஒன்றுக்கு 7.5 மில்லிகிராம் என்னும் கணக்கிற் கொடுக்கப்படுவது. 120க்கு 900 மில்லிகிராம், 166க்கு 1245. கால் பங்குக்கு மேல் குறைவு. குறைந்த மருந்தால் மெலிந்த புழுக்கள் மடிய, வலியவை பிழைக்கும். அவற்றின் முட்டை சாணத்தோடு மேய்ச்சல் தரையிற் பரவும். நாளடைவில் அம்மருந்துக்கு அடங்காத புழுக்களே அத்தரைக்கு உரியன ஆகும். செம்மறியாடுகளிடத்து இவ்வாறு மருந்து பயனற்றுப் போதல் உலகின் பல பாகங்களிலும் காணப்பட்டுள்ளது. ஆகவே ஆயாவின் கிடாரிக்கு வாயிலில் நின்று செய்த மதிப்பு, அப்புறத்து ஏரிக்கரையில் மேயும் பிறர் மாடுகளுக்கும் சென்று சேர்கின்றது. எம் கணக்கைக் காட்டியபோது அவர் மறுக்கவில்லை. மற்றொரு மாத்திரையை உடைத்தார். சினைப்பட்ட தொடக்க நாட்களில் இம்மருந்து ஆகாது ஆதலின், கிடாரி சினையன்று என்பதையும் கேட்டு அறிந்துகொண்டார்.

தீனிக்கும் எடையே அடிப்படை. நூறு கிலோ மாட்டுக்கு நாளொன்றுக்கு இரண்டு முதல் இரண்டரைக் கிலோ உலர்பொருள் என்பது பொதுவான கணக்கு. பசும்புல்லில் பெரும்பகுதி தண்ணீராதலின் கட்டைப் பார்த்து மயங்கலாகாது. இதற்கு மேல் இங்கு விரித்தல் வேண்டா. வேப்பேரியில் 1903இல் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரியும், 1989 முதல் அதனை உறுப்பாகக் கொண்ட பல்கலைக்கழகமும் இவற்றை நன்கு கற்பிக்கின்றன. அப்பல்கலைக்கழகத்தின் காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையம் எம்மூருக்கு அண்மையிலேயே உள்ளது. ஆயாவின் தொழுவத்தில் நாடா இல்லை என்பதே எம் கவலை.

நாடா வாங்கிக் கொடுத்தோம். எண் படிக்கத் தெரியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். பேரன் படிப்பானே எனின், மாட்டுக்காரர் வரும் வேளையில் அவன் பள்ளியில் இருப்பான் என்றாள். அது சரியே. ஆகவே நீளாத கயிறு ஒன்றை எடுத்து, கிடாரியின் அன்றைய நெஞ்சுச் சுற்றளவில் ஒரு முடிச்சும், அதற்கப்பால் இவ்விரண்டு அங்குலத்துக்கு ஒவ்வொரு முடிச்சுமாகப் போட்டோம். சுற்று ஏற நீளமும் உடன் ஏறும் என்னும் கணக்கில் ஒவ்வொரு முடிச்சுக்கும் உரிய எடையைப் பேரன் தன் பழைய குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தான். தேங்காய்நார்க் கயிறு வேண்டா, மழைக்காலத்தில் சுருங்கும் என்று ஆயாவே சொல்லி, மீனவர் பயன்படுத்தும் நைலான் கயிற்றைக் கேட்டு வாங்கினாள். அது இப்போது தொழுவத்து விட்டத்தில் தொங்குகின்றது. அமாவாசைக்கு அமாவாசை அவள் அதனை எடுத்துச் சுற்றிப் பார்க்கின்றாள். சென்ற அமாவாசையில் கயிறு நான்காம் முடிச்சைத் தொட்டது.